வேலூர்ப் பக்கம் சண்டைக் காட்சி ஷூட்டிங்கில் உதவியாள் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் காட்பாடிக்காரன். டி.வி. தொடர், வெப் சீரிஸ் என்று நம்ம பக்கம் யூனிட் வந்து இறங்கினால் உள்ளூர் உதவியாளாகக் கூடப் போகிறவன். எனக்கு வாய்த்ததெல்லாம் போலீஸ் கதை, ரவுடி கதைதான். காதல் காட்சியைவிடக் கார் கவிழ்கிற காட்சிக்குத்தான் அதிகம் நின்றிருக்கிறேன். கல்யாண வீட்டிலும் ஜங்ஷன் டீக்கடையிலும் திரும்பத் திரும்ப இதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை வைத்து, தெரிந்ததை எழுதிவிட்டேன்.

ணா, இந்த வேலைன்னா இன்னா வேலை? டீ குடுக்கறதா?

டீ, சாப்பாட்டுக்குத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் செட்டில் ‘புரொடக்‌ஷன்’ என்று கூப்பிடுவார்கள். நாற்காலி, மேசை, உடைகிற பானை எல்லாம் ஆர்ட் டிபார்ட்மென்ட் வேலை. விளக்குக்கு லைட்மேன். உள்ளூர் உதவியாள் இந்த எதிலும் சேராதவன், ஆனால் எல்லாவற்றுக்கும் கூப்பிடப்படுகிறவன். பெட்டி தூக்கணும், ஜெனரேட்டர் வண்டிக்கு வழி காட்டணும், பூட்டின வீட்டுக்குச் சாவி யாரிடம் என்று கண்டுபிடிக்கணும்.

ஆனால் சண்டைக் காட்சி அன்றைக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: காலி இடத்தைக் காலியாகவே வைத்திருப்பது. கேமராவுக்குள் விழுகிற இடத்தை ‘ஃபீல்டு’ என்பார்கள். வண்டி சறுக்குகிற இடம், ஆள் விழுகிற இடம், கண்ணாடி தெறிக்கிற இடம் எல்லாம் ஃபீல்டுக்கு வெளியேயும் நீளும். அதற்குள் ஒரு நாய்கூட வராமல் பார்த்துக்கொள்ளத்தான் நமக்குச் சம்பளம். அதனால் சண்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கவேண்டும். நான் வேலை செய்த சண்டைகளில் பாதியை டி.வி.யில்தான் முதல் தடவை பார்த்தேன்.

எட்டாவதுதான் படிச்சிக்கிறேன். சேத்துப்பாங்களா?

சேர்த்துக்கொள்வார்கள். யாரும் மார்க் ஷீட் கேட்டதில்லை. ஊர் தெரியுமா, சொன்ன நேரத்துக்கு வருவாயா, குடித்துவிட்டு வரமாட்டாயே, இவ்வளவுதான் கேட்பார்கள். அதிகாலை ஐந்தரைக்குப் புதிய பஸ் ஸ்டாண்டில் நிற்க முடியாதவன் பி.ஈ. படித்திருந்தாலும் பிரயோஜனமில்லை.

என் பையனுக்கு பதினாறு ஆவுது. லீவுல உங்ககூட அனுப்பட்டுமா தம்பி?

வேண்டாம் அக்கா. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 2016-இல் அதைத் திருத்தி, 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கக்கூடாது என்று சேர்த்தார்கள். நான் சட்டத்தை வைத்து மட்டும் சொல்லவில்லை. பதினாறு வயதுப் பையனுக்குச் சண்டைக்கு முதுகு காட்டி நிற்க மனசு வராது.

எவ்ளோ குடுப்பாங்க? டெய்லி கைல வந்துடுமா?

உள்ளூர் ஆட்களுக்குப் பெரும்பாலும் நாள் கணக்குத்தான். முதல் தடவை எனக்கு 500 ரூபாய் கொடுத்தார்கள். இப்போது கூடியிருக்கிறது, ஆனாலும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முதல் நாள் காலையிலேயே மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: ஒரு நாளைக்கு எவ்வளவு, கால்ஷீட் (ஒரு நாளைக்குப் பேசின வேலை நேரம்) தாண்டினால் ஒன்றரைக் கணக்கு உண்டா, தினமும் தருவார்களா அல்லது கடைசி நாள் மொத்தமாகவா.

கடைசி நாள் மொத்தமாகத் தருவார்கள் என்றால் நடுவில் பாதியாவது வாங்கிக்கொள்ளுங்கள். ‘பேக்கப்’, அதாவது ஷூட்டிங் முடிந்தது என்று சொன்ன பிறகு மேனேஜர் கார் எந்தப் பக்கம் போனது என்று தேடின அனுபவம் எனக்கு உண்டு. சென்னையிலிருந்து வருகிற டெக்னீஷியன்கள் ஃபெப்சி என்கிற சினிமாத் தொழிலாளர் சம்மேளனத்தில் இருக்கிற சங்கங்களின் உறுப்பினர்கள். அவர்கள் பேட்டாவுக்கு, அதாவது தினப்படிக்கு, கேட்க ஆள் இருக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை.

டி.வி.ல ரெண்டு நிமிசம் வர்ற ஃபைட்டு, எடுக்க எவ்ளோ நேரம் ஆவும்?

பேசுகிற காட்சி என்றால் டி.வி. தொடர்க்காரர்கள் பறப்பார்கள். ஃபைட் வந்தால் வண்டி நின்றுவிடும். அந்த இரண்டு நிமிஷத்துக்கு ஒரு நாள் முழுக்கப் போனதையும் பார்த்திருக்கிறேன், மறுநாள் மத்தியானம் வரை இழுத்ததையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு அடியும் தனி ஷாட். ஒவ்வொரு ஷாட்டுக்கும் மேசை, பானை, சட்டை எல்லாம் பழைய நிலைக்கு வரவேண்டும். ஒரே சட்டையில் ஆறு ஏழு எடுத்து வைத்திருப்பார்கள். ரத்தக்கறை எந்தப் பக்கம் இருந்தது என்று உதவி இயக்குநர் போனைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வார். சும்மா நிற்கத்தான் நிறைய நேரம் போகும். கால் வலிக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

நெஜமாவே அடிச்சிக்கிறாங்களா?

முகத்தில் விழுகிற குத்து முகத்தில் விழுவதில்லை. கேமரா நிற்கிற கோணத்தில் கை முகத்தை மறைத்துக்கொண்டு போகும், வாங்குகிறவர் சரியான நொடியில் தலையைத் திருப்புவார், சத்தத்தை அப்புறம் சேர்ப்பார்கள். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு முழம் இடைவெளி தெரியும், சிரிப்பு வரும். ஆனால் விழுவது நிஜம். முதுகு தரையில் படுவதும் நிஜம். ஃபைட்டர்கள் சட்டைக்குள் முட்டிக்கும் முதுகுக்கும் பேட் கட்டியிருப்பார்கள். சாயந்திரம் அதைக் கழற்றும்போது பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வராது.

மாடில இருந்து குதிக்கிறாங்களே, கீழ இன்னா போட்டு வெச்சிருப்பாங்க?

பெரிய யூனிட் என்றால் காற்று அடைத்த பை கொண்டுவருவார்கள். டி.வி. பட்ஜெட்டுக்கு அட்டைப்பெட்டிதான். காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கடுக்காக வைத்து, சுற்றிக் கயிறு கட்டி, மேலே மெத்தை போட்டு, அதன்மேல் தார்ப்பாய். ஆள் விழும்போது பெட்டி ஒவ்வொன்றாக நசுங்கும். அப்படி நசுங்கித்தான் விழுகிற வேகத்தை அது வாங்கிக்கொள்கிறது. நசுங்காத கெட்டிப் பெட்டி இருந்தால் சிமென்ட் தரையில் விழுந்த மாதிரிதான்.

இந்த விஷயத்தில் நம்ம பக்கத்துக்கு ஒரு அதிர்ஷ்டம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகள் நிறைய. ஏற்றுமதிக்கு ஷூ டப்பாக்களை அடுக்குகிற பெரிய பெட்டிகள் பழைய பேப்பர் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஒருமுறை ஸ்டண்ட் மாஸ்டர் காலையில் கேட்டார், பத்து மணிக்குள் ஒரு டாடா ஏஸ் நிறைய இறக்கினேன். சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்தால் வாடகையே தனியாகப் போயிருக்கும்.

இதில் உதவியாளின் வேலை பெட்டி எண்ணுவதல்ல, பெட்டியைத் தொட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு தடவை விழுந்த பிறகும் மெத்தையை எடுத்து, நசுங்கினதையெல்லாம் மாற்றவேண்டும். மேல் வரிசை நன்றாக இருக்கும், கீழ் வரிசை செத்திருக்கும். ‘ஒன் மோர்’ என்று டைரக்டர் அவசரப்படுத்துவார், காதில் வாங்காதீர்கள். ராத்திரிப் பனியில் கிடந்த பெட்டி கையில் எடுத்தாலே தொளதொள என்று இருக்கும். அதையும் தூக்கிப் போடுங்கள். உள்ளே பேப்பர், தெர்மாகோல் எதுவும் இருக்கக்கூடாது. ஒரு தடவை நான் பிரித்த பெட்டிக்குள் இரும்புக் கொக்கி இருந்தது.

கண்ணாடிய ஒடைக்கிறாங்க, கை கிழியாதா?

அது சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊற்றிய கண்ணாடி, இல்லாவிட்டால் ரெசின். தட்டினால் பொடியாகும். சர்க்கரையில் செய்ததை வேலூர் வெயிலில் வண்டிக்குள் வைத்தால் வளைந்துவிடும், ஈரம் பட்டால் பிசுபிசுக்கும். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நிழலில் வையுங்கள். பொடிப்பொடியானாலும் துண்டு கூர்மையாகத்தான் இருக்கும், வெறுங்காலில் நடக்காதீர்கள். புகைக்குப் பல இடங்களில் இன்னும் சாம்பிராணிதான். தூசிக்கு முல்தானி மிட்டி. இரண்டும் சேர்ந்தால் மூன்று நாளைக்கு மூக்கில் கறுப்பாக வரும், துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி நெஜமானதா? ஒரு தபா புடிச்சிப் பாக்கலாமா?

நான் பார்த்தவரை டி.வி. செட்டில் வருவது ஃபைபர், ரப்பர், மரம். நெருப்பு வருவதைக் கம்ப்யூட்டரில் சேர்த்துவிடுவார்கள். இருந்தாலும் பிடித்துப் பார்க்கக்கூடாது. யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர் கையிலிருந்து நடிகர் கைக்கு, நடிகர் கையிலிருந்து திரும்ப அவர் கைக்கு, அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இதற்கு உயிரையே கொடுத்திருக்கிறார்கள். 1993 மார்ச் 31 அன்று புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ படப்பிடிப்பில் சுடப்பட்டு இறந்தார். முன்னொரு ஷாட்டில் துப்பாக்கிக் குழாய்க்குள் சிக்கியிருந்த தோட்டா முனையை யாரும் கவனிக்கவில்லை. பிறகு வெறும் மருந்துத் தோட்டா போட்டுச் சுட்டபோது அது வெளியே பாய்ந்தது. 2021 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தது, செட் துப்பாக்கிக்குள் நிஜத் தோட்டா இருந்ததால்.

நம்ம ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. சத்துவாச்சாரியில் போலீஸ் வேஷம் போட்ட ஆறு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகள் ரோட்டோரம் டீ குடிக்கப் போனார்கள். ஹெல்மெட் போடாமல் வந்த வண்டியெல்லாம் தூரத்திலேயே திரும்பிப் போனது. டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். சிரிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஸ்டேஷனில் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வம்பு. வெளியே போகும்போது ஒரு துண்டோ சட்டையோ போர்த்தி அனுப்புங்கள்.

மே மாசத்துல கூட எடுப்பாங்களா? வெயில் தாங்குமா?

எடுப்பார்கள். கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரி தாண்டுவது புதுசல்ல. பாலாற்று மணலில் நின்றால் மேலேயும் சூடு, கீழேயும் சூடு. பாறை மலை ஓரத்து லொக்கேஷனில் பொழுது சாய்ந்த பிறகும் கல் அனல் அடிக்கும். ஆளைத் தொங்கவிடுகிற ரோப்புக்கான (கயிற்றுக்கான) பெல்ட் மாட்டி, அதன்மேல் பேட், அதன்மேல் ஜீன்ஸ் சட்டை போட்டு நிற்கிற ஃபைட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வெறும் தண்ணீர் போதாது. உப்புக் கரைசல் கொடுங்கள், நீங்களும் குடியுங்கள். ஆள் உளற ஆரம்பித்தாலோ தடுமாறினாலோ நடிப்பு என்று நினைக்காமல் நிழலுக்கு இழுத்து, ஈரத்துணி போட்டு, உடனே சொல்லவேண்டும்.

வேடிக்கை பாக்க ஊரே வருமே, எப்படித் தள்றது?

தள்ளக்கூடாது. பவுன்சர் தள்ளினால் கூட்டம் முன்னால் வரும். ‘பெரியம்மா, ஜீப்பு இந்தப் பக்கமாத்தான் சறுக்கும், அந்தத் திண்ணைல ஏறி நின்னா நல்லாத் தெரியும்’ என்றால் பெரியம்மாவே பத்துப் பேரை இழுத்துக்கொண்டு போய்விடுவார். உள்ளூர் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதே இந்தப் பேச்சுக்குத்தான். யார் வீட்டு மாடு எத்தனை மணிக்குத் திரும்பும், பள்ளிக்கூடம் எப்போது விடும், பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகை எப்போது முடியும் என்பதெல்லாம் சென்னை மேனேஜருக்குத் தெரியாது. முதல் நாளே அதைச் சொல்லிவைத்தால் பாதிச் சண்டை தீர்ந்தது.

நான் தவறவிட்டதையும் சொல்லிவிடுகிறேன். குடியாத்தம் சாலையில் ஒரு கிராமம். ஜீப் வேகமாக வந்து மூங்கில் பந்தலை இடித்துக்கொண்டு போகவேண்டும். என்னை ஒரு சந்தில் நிறுத்தி, ‘இங்கிருந்து ஈ வரக்கூடாது’ என்றார்கள். வாக்கியில் (வாக்கி-டாக்கியில்) ‘கிளியரா?’ என்று கேட்டார்கள், ‘கிளியர்’ என்றேன். ‘ஆக்‌ஷன்’ கேட்டதும் திரும்பி ஜீப்பைப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை. அந்த இடைவெளியில் என் பின்னாலிருந்து டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் ஒரு தாத்தா, பின்னால் புல்லுக்கட்டு, முன்னால் பேரன். ஜீப் ஓட்டினவர் பார்த்துவிட்டார். ஒடித்துத் திருப்பினதில் பந்தல் தவறான பக்கம் சாய்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாத்தா வண்டியை நிறுத்தி, ‘இன்னாடா ஓட்றான் இவன்’ என்று கேட்டுவிட்டுப் போனார். பந்தலை மறுபடி கட்ட அரை நாள். யாரும் என்னைத் திட்டவில்லை. மறுநாள் என்னை ஜெனரேட்டர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள்.

ஏலகிரில கார் சேஸ் எடுத்தாங்களே, நீ எந்த வளைவுல நின்ன?

ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பாரதியார், திருவள்ளுவர், கம்பர் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை இருக்கும். அதனால் நாங்கள் எண் சொல்லாமல் ‘கம்பர் கிளியர்’, ‘பாரதி கிளியர்’ என்றுதான் வாக்கியில் பேசினோம். கேட்கத் தமிழ் மன்றம் மாதிரி இருக்கும். நான் நின்றது கம்பர்.

மலைப்பாதையில் பாறை மறைத்துவிடுவதால் கீழே இருக்கிற வாக்கிக்கு மேலே பேசுவது எட்டாது. நடுவில் ஒருவர் கேட்டுக் கேட்டுச் சொல்லவேண்டும். இங்கே ஒரு விதியை விடவே கூடாது: சத்தமே வராவிட்டால் அதை ‘கிளியர்’ என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. பதில் வராத வளைவு மூடப்படாத வளைவு. தூக்கம் கலைய நான் மூன்று தடவை கேட்பேன், எதிர்முனையில் எரிச்சல்படுவார்கள். படட்டும்.

நம்ம கோட்டைல ஃபைட்டு வெக்க வுடுவாங்களா?

வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. படப்பிடிப்புக்கு அவர்கள் அனுமதி வாங்கி, கட்டணம் கட்டவேண்டும். அனுமதி கிடைத்தாலும் மதில் கல்லில் ஆணி அடிப்பது, ரோப் கட்டுவது, சாயம் பூசுவது எதுவும் நடக்காது. ரோப் இல்லாமல் மாஸ்டருக்கு அங்கே என்ன வேலை? பெரும்பாலும் வெளியிலிருந்து அகழியோடு ஒரு ஷாட் எடுத்துவிட்டு, சண்டையைச் செட் போட்ட சுவரில் வைப்பார்கள்.

எங்க மாடு எருது விடுற விழால ரெண்டு வருசமா ஃபர்ஸ்ட். ஷூட்டிங்குக்குக் குடுக்கலாமா?

மாட்டை வைத்துப் படம் எடுக்க விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். 2001-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. அந்தக் காகிதம் கம்பெனியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் எத்தனை ஆயிரம் சொன்னாலும் அனுப்பாதீர்கள். தவிர, விழாவில் ஓடின மாட்டுக்கு விளக்கும் சாம்பிராணிப் புகையும் ஆகாது.

பொண்ணுங்க வரலாமா ணா? காஸ்ட்யூம்ல கூப்ட்றாங்க.

வரலாம், வருகிறார்கள். ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு விஷயம் கேளம்மா: அவுட்டோரில் கழிவறைக்கு என்ன ஏற்பாடு, ராத்திரி ஷூட் முடிந்தால் வீட்டுவரை வண்டி உண்டா. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொல்லை புகாருக்கு உள் குழு இருக்கவேண்டும். அந்தக் குழுவில் யார் யார் என்று மேனேஜரிடம் கேட்பதில் தப்பில்லை. கேட்டதும் அவர் முகம் எப்படிப் போகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

போன்ல ஒரு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சா இன்னா?

அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடியோ எடுத்தாய் என்றால் சண்டைப் பக்கம் திரும்பி நின்றாய் என்று அர்த்தம். முதல் பதிலைப் பாருங்கள்.

அடிபட்டா யாரு பாப்பாங்க?

வேலைக்குப் போன முதல் நாள் கம்பெனி இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறதா, அதில் உள்ளூர் ஆட்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். பல நேரம் இருக்காது. அதற்கும் முன்னால், லொக்கேஷனிலிருந்து எந்த ஆஸ்பத்திரி கிட்டே என்பதை நீங்களே மனசில் வைத்திருங்கள். தெற்கே என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை, டவுன் என்றால் சி.எம்.சி. 108-க்குப் போன் செய்யும்போது ‘ஷூட்டிங் நடக்கிற இடம்’ என்றால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஊர், கோயில், பெட்ரோல் பங்க் சொல்லணும். அதைச் சொல்லத் தெரிந்தவர் அந்த யூனிட்டிலேயே நாம் ஒருவர்தான்.

சண்டை போடுகிறவருக்குத்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். 2020 பிப்ரவரி 19 ராத்திரி சென்னைக்கு வெளியே ஒரு பெரிய படத்தின் தளத்தில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் படப்பிடிப்புக் குழுவினர், ஸ்டண்ட் ஆட்கள் இல்லை. அனுபவம் காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் கார் பறக்கிற ஷாட்டில் இறந்தவர் பல வருஷம் அதையே செய்தவர்.

மாஸ்டரே ஓகேன்னு சொல்லிட்டாரு, எனக்கு மட்டும் ஏதோ தப்பாத் தெரியுது. நான் யாரு சொல்றதுக்கு?

சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறது. கூட்டத்துக்கு நடுவில் மாஸ்டரிடம் போய் ‘தப்பா இருக்கு’ என்றால் உங்களைத் துரத்துவார்கள். அந்த வேலையைக் கையால் செய்கிற ஆளிடம் மெதுவாகப் போய்க் கேள்வியாகக் கேளுங்கள். மூடப்படாத வழி, கூட்டம், நாய், பிள்ளை என்றால் யாரிடமும் கேட்கவேண்டாம். வாக்கியில் ‘கிளியர் இல்ல’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு மாஸ்டரும் நிற்பார், டைரக்டரும் நிற்பார்.

போன வருஷம் ஒரு கல் குவாரியில் ரோப் ஷாட். ஹீரோவின் டூப் மேலிருந்து பாய்ந்து லாரி மேல் இறங்கணும். ரோப் ஒரு பாறை விளிம்பில் உராய்ந்துகொண்டு போனது. இரண்டு ரிகர்சல் முடிந்து மாஸ்டர் ஓகே சொல்லியாகிவிட்டது. நான் ரோப் இழுக்கிற அண்ணனிடம் போய், ‘அந்தக் கல்லு கத்தி மாதிரி இருக்குதுண்ணா, சாக்கு எதனா மடிச்சி வெக்கலாமா?’ என்றேன். அவர் மேலே ஏறி விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இறங்கிவந்து நாலு சாக்கு கேட்டார். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், ‘சீக்கிரம்’ என்றார், அவ்வளவுதான்.

ஷாட் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். குவாரி வண்டி வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.